களைப்பா, தூக்கமா, அசதியா?

காரைக்கால் மாவட்டத்தின் குரும்பகரம், காவிரியின் கடைமடையில் இருக்கும் ஊர். நடவு முடிந்த வாரத்தில் அங்கிருந்து ஒரு பெண் மருத்துவரிடம் போய், "ஒடம்பு ஒரே அசதியா இருக்கு டாக்டர்" என்றால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று முறையீடுகள் இருக்கலாம். விடியலிலிருந்து குனிந்து நட்டதில் இடுப்பும் தொடையும் கெஞ்சுகின்றன என்பது ஒன்று. நாலு மணிக்கு எழுந்து பதினொரு மணிக்குப் படுப்பதால் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுகிறது என்பது இன்னொன்று. வேலையில்லாத நாளிலும், நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும்கூட கை கால் அசைக்க முடியவில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் கிடைக்கிறது: இரும்புச்சத்து மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், வற்புறுத்திக் கேட்டால் ஒரு பாட்டில் குளுக்கோஸ்.

இவை ஒரே நிலையின் ஏற்ற இறக்கங்களா, வேர் வேறான மூன்று நிலைகளா என்ற கேள்விக்கு மருத்துவர்களும் உடலியலாளர்களும் உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் நெடுங்காலமாகப் பதில் சொல்லி வருகிறார்கள். இந்தக் கட்டுரையின் வசதிக்காக, உழைப்பால் வந்து ஓய்வால் போவதைக் களைப்பு என்போம். அமைதியான இடம் கிடைத்தால் தூங்கிவிடக்கூடிய நிலை, தூக்கக் கலக்கம். ஓய்வுக்கும் தூக்கத்துக்கும் கட்டுப்படாமல் வாரக்கணக்கில் நிற்பது அசதி. ஊர்ப் பேச்சில் இந்த வேலிகள் இவ்வளவு கறாராக இல்லை.

பழைய பகுப்பு, பழைய தீர்ப்பு

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கொட்டாவி, இளைப்பு, நித்திரை மூன்றும் தனித்தனியே இடம் பெற்றிருக்கின்றன. உழைப்பால் மூச்சிரைத்துத் தளர்வது ஒரு வேகம், உறக்கம் வருவது வேறொரு வேகம். இரண்டையும் அடக்கினால் விளையும் கேடுகளும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. இரத்தம் குன்றி உடம்பு வெளுப்பதைப் பாண்டு என்று மற்றொரு தலைப்பில் வைத்து, அயச்செந்தூரம் போன்ற இரும்பு மருந்துகளைக் கொடுத்தார்கள். ஆக, மூன்று நிலைகளுக்கும் தனித்தனி இடம் அந்த மரபிலேயே உண்டு. ஒரே உடம்பில் இவை கலந்து வந்தால் எதை முதலில் பார்ப்பது என்பதற்குத்தான் அங்கே தெளிவான வழி இல்லை.

இன்னொரு பார்வை அறம் சார்ந்தது. திருக்குறளின் 61ஆம் அதிகாரமான மடியின்மை, துயிலைக் காலம் தாழ்த்தலோடும் மறதியோடும் சோம்பலோடும் சேர்த்து, கெடுவோர் விரும்பும் பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. வள்ளுவர் பேசுவது அளவு மீறிய துயிலைப் பற்றி என்று வாதிடலாம். ஆனால் வரப்பில் உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று அதட்டும் வழக்கம் அந்த நுணுக்கத்துக்குக் காத்திருப்பதில்லை. தூங்கி விழுகிறவரின் தூக்கக் கடனைக் கேட்பதற்கு முன் அவருடைய குணத்தைக் கேட்கிறோம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இன்றும் அதிகம் செல்வாக்குள்ள கொள்கை இதுதான் என்று தோன்றுகிறது.

தசையில் தேடியவர்கள்

இத்தாலியின் டூரின் நகரத்து உடலியலாளர் ஆஞ்செலோ மோசோ, விரலால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்க வைத்து, விரல் தளரும் விதத்தை உருளையில் கோடாகப் பதியும் எர்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். சோர்வைப் பற்றிய அவருடைய நூல் 1891இல் வந்தது. களைத்த நாயின் இரத்தத்தைக் களைக்காத நாய்க்குச் செலுத்தினால் அதுவும் தளர்கிறது என்றும் எழுதினார். சோர்வு என்பது உடம்பில் சேரும் ஒரு நஞ்சு என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. ஜெர்மனியில் வைகார்ட் என்பவர் அந்த நஞ்சுக்கு முறிமருந்தே கண்டுபிடித்ததாக அறிவித்தார், அது நிலைக்கவில்லை. பிறகு அந்த இடத்தில் லாக்டிக் அமிலம் பல பத்தாண்டுகள் குற்றவாளியாக நின்றது. இன்று லாக்டேட்டைத் தசையும் இதயமும் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன என்று தெரிந்த பின், பழைய குற்றச்சாட்டை அப்படியே சொல்பவர்கள் குறைவு.

மோசோவின் கருவி அவருடைய கொள்கைக்கே சங்கடம் உண்டாக்கியது. மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த ஆசிரியரின் விரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தளர்ந்தது. அந்த விரல் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. தளர்ச்சி தசையில் மட்டும் இருந்தால் இதை விளக்க முடியாது. கேப்டவுனின் டிம் நோக்ஸ் பின்னாளில், உடம்பு உடைவதற்கு முன்பே மூளை கடிவாளத்தை இழுத்துவிடுகிறது, களைப்பு என்பது அந்த இழுப்பை நாம் உணரும் விதம் என்றார். கவர்ச்சியான கருத்துதான். எந்தச் சோதனை இதைப் பொய்யாக்கும் என்று எளிதில் சொல்ல முடியாதது இதன் பலவீனம்.

நரம்பில் தேடியவர்களும் உண்டு. நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் நரம்புத் தளர்ச்சியை ஒரு நோயாக முன்வைத்தார். நாகரிகத்தின் வேகத்தில் மூளையைச் செலவழிக்கும் வர்க்கத்தின் நோயாகவே அவர் அதைக் கண்டார். சேற்றில் குனிந்து நிற்பவர்கள் அவர் கணக்கில் வரவே இல்லை.

சொல்லையே விலக்கச் சொன்னவர்

முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் வாரக்கணக்கில் ஓயாமல் உழைத்தார்கள். 1915இல் அமைந்த நலக்குழு ஆராய்ந்தபோது, வேலை நேரத்தைக் குறைத்தாலும் உற்பத்தி அதே விகிதத்தில் குறையவில்லை, சில இடங்களில் கூடியது என்று தெரிந்தது. 1918இல் தொழிற்சாலைச் சோர்வை ஆராய்வதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தோடு பணியாற்றிய ஆஸ்திரேலிய உளவியலாளர் பெர்னார்ட் முஸ்சியோ 1921இல் ஒரு கட்டுரை எழுதினார். சோர்வை அளக்கச் சோதனை வேண்டுமானால் முதலில் சோர்வு என்றால் என்ன என்பதில் உடன்பாடு வேண்டும். அது இல்லாததால் துல்லியமான அறிவியல் பேச்சிலிருந்து அந்தச் சொல்லையே விலக்கிவிடலாம் என்பது அவர் முடிவு.

சோர்வை ஆராயச் சம்பளம் கொடுத்த வாரியத்துக்கு இது இனித்திருக்காது. ஆனால் இந்த வரலாற்றிலேயே நேர்மையான கட்டுரை அதுதான் என்பது என் எண்ணம். முஸ்சியோ சுட்டிய சிக்கல் இன்றும் தொடர்கிறது. வேலையின் அளவு குறைவது, உடம்பில் நடக்கும் மாற்றம், ஆள் உணரும் தளர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. ஊக்கமிருந்தால் தளர்ந்தவரும் அதிகம் செய்வார். சலித்தவர் தளராமலேயே நிறுத்திவிடுவார். எதை அளந்தோம் என்று சொல்லாமல் சோர்வைப் பற்றிப் பேசுவோரின் சண்டைகள் தீராததற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

தூக்கம் தனி வழியில் போனது

முஸ்சியோ கேட்ட அளவுகோல் முதலில் தூக்கக் கலக்கத்துக்குத்தான் கிடைத்தது. சிகாகோவின் நத்தானியேல் கிளைட்மன் 1938இல் சூரிய ஒளி புகாத மம்மூத் குகையில் ஒரு மாணவரோடு 32 நாள் தங்கி, 28 மணி நேர நாளுக்கு உடம்பு பழகுமா என்று பார்த்தார். 1982இல் சூரிச்சின் அலெக்சாண்டர் போர்பெய் இரண்டு விசைகளைக் கொண்டு ஒரு விளக்கம் தந்தார். விழித்திருக்கும் நேரம் நீள நீள ஏறி, தூங்கினால் இறங்கும் தூக்க அழுத்தம் ஒன்று. 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் உடற்கடிகாரம் மற்றொன்று. இரவு முழுக்க வாய்க்காலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர் விடியற்காலை மூன்று மணிக்குத் தள்ளாடுவதும், காலை எட்டு மணிக்கு ஓரளவு தெளிவாகிவிடுவதும் இதனால் விளங்கும். அவர் இடையில் தூங்கவில்லை. கடிகாரம் மேலேறியிருக்கிறது, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மயக்கத்திலும் சோற்றுக்கு மட்டுமல்ல, கடிகாரத்துக்கும் பங்குண்டு.

தூக்கக் கலக்கத்துக்கு ஒரு பெரிய வசதி: ஆளிடம் கேட்காமலே அளக்கலாம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று மூளை அலைகளைப் பார்த்தால் போதும். சராசரி எட்டு நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் தூக்கக் கலக்கம் மிகை. களைத்தவர் எல்லோரும் இந்தச் சோதனையில் தூங்கிவிடுவதில்லை. நீண்டகாலத் தூக்கமின்மை உள்ளவர்கள் பகல் முழுக்க அசதி என்பார்கள், ஆனால் படுக்க வைத்தாலும் தூங்கமாட்டார்கள். களைப்பையும் தூக்கக் கலக்கத்தையும் பிரித்துப் பார்க்க இதைவிட வலுவான சான்று இல்லை.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. குறட்டையும் மூச்சடைப்பும் உள்ள தூக்க மூச்சுத்திணறல் நோயாளிகளிடம் ரொனால்ட் செர்வின் என்ற அமெரிக்க மருத்துவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முக்கியத் தொந்தரவாகத் தூக்கக் கலக்கத்தைச் சொன்னவர்களைவிடத் தெம்பின்மையைச் சொன்னவர்கள் அதிகம். நோய் தூக்கத்தில் இருக்கிறது, முறையீடு தெம்பில் வருகிறது. "தூக்கம் வருதா?" என்று மட்டும் கேட்கும் மருத்துவர் இவர்களைத் தவறவிடுவார்.

நம் உணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதும் சந்தேகம். 2003இல் பென்சில்வேனியாவில் ஹான்ஸ் வான் டாங்கனும் டேவிட் டிங்கஸும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவோ படுக்கையில் அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் அறவே தூங்காதவர்களின் அளவுக்கு விழுந்தது. தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. 1997இல் டாசனும் ரீடும் காட்டியபடி, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல் ஆகிறது. இந்தியாவில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 விழுக்காடுதான். காரைக்கால் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை லாரி ஓட்டுபவரை ஊதச் சொல்லும் கருவி இருக்கிறது; எப்போது எழுந்தாய் என்று கேட்கும் கருவி இல்லை. டீ குடித்து வண்டியோரம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் களைப்பு குறையலாம். தூக்க அழுத்தம் தூங்காமல் இறங்காது. காஃபின் அதை மறைக்கும், தீர்க்காது.

கேள்வித்தாள்களின் எல்லையையும் சொல்ல வேண்டும். மெல்பர்னின் மர்ரே ஜான்ஸ் 1991இல் உருவாக்கிய எப்வொர்த் அளவுகோல் உலகமெங்கும் பயன்படுகிறது. உட்கார்ந்து படிக்கும்போது, காரில் ஒரு மணி நேரம் பயணிக்கும்போது, மதியம் படுத்து ஓய்வெடுக்கும்போது தூங்கிவிடுவீர்களா என்பது போல எட்டுக் கேள்விகள். படிக்கும் வழக்கமோ காரோ இல்லாத, மதியம் முதுகைச் சாய்க்க நேரமே இல்லாத விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இவற்றில் பாதி பொருந்தாது. குறைந்த மதிப்பெண் வந்தால் அவருக்குத் தூக்கக் குறை இல்லை என்று பொருளாகாது.

சென்னையில் நடந்த சோதனை

தூக்கக் குறைதான் ஏழைகளின் தளர்ச்சிக்கு வேர் என்றால், தூக்கத்தைக் கூட்டினால் நிலைமை மாற வேண்டும். இதைச் சென்னையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெசோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, டோமா ஆகிய பொருளியலாளர்களின் ஆய்வு 2021இல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேரை ஒரு மாதம் தரவுப்பதிவு வேலையில் அமர்த்தி, மணிக்கட்டில் அசைவுமானி கட்டி அளந்தார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். நடுநடுவே பலமுறை விழிப்பு. வெக்கையும் கொசுவும் தெருச்சத்தமும் நெருக்கடியான வீடும் உள்ள ஊரில் இது வியப்பில்லை.

ஒரு பிரிவினருக்குக் கண்மூடி, காதடைப்பான், மின்விசிறி போன்றவற்றைத் தந்து, ஊக்கப்படுத்தி, சிலருக்குப் பணமும் கொடுத்து, இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். பெரிய பலன் வரும் என்று நிபுணர்கள் கணித்திருந்தார்கள். வேலைத்திறனிலோ மனநலத்திலோ தெளிவான மாற்றம் எதுவும் தென்படவில்லை. கூடுதலாகப் படுக்கையில் கிடந்ததால் வேலை நேரம் கொஞ்சம் குறைந்ததுதான் மிச்சம். இன்னொரு பிரிவினரை மதியம் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் தூங்கவிட்டார்கள். வேலைத்திறன், கவனம், மன நிம்மதி மூன்றும் உயர்ந்தன. வேலை செய்த நேரம் குறைந்ததால், தூங்காமல் தொடர்ந்து உழைத்தவர்களைவிட மொத்த வருமானம் கூடவில்லை.

இந்த முடிவைப் படிப்பதில் நிதானம் வேண்டும். இரவுத் தூக்கம் பயனற்றது என்று இது சொல்லவில்லை. துண்டு துண்டான தூக்கத்தோடு இன்னும் கொஞ்சம் துண்டுத் தூக்கத்தைச் சேர்த்தால் போதாது என்பது ஒரு விளக்கம். ஒரு மாதத்தில் தெரியாத பலன் ஓராண்டில் தெரியலாம் என்பது இன்னொன்று. உட்கார்ந்து தட்டச்சு செய்வோரிடம் கண்டதை நாற்று நடுவோருக்கு அப்படியே நீட்டவும் முடியாது. அவர்கள் மதியத்தில் இழப்பது தூக்கத்தைவிட நீரும் நிழலுமாக இருக்கலாம். வெப்பத்தால் வரும் தளர்ச்சி இந்த ஆய்வின் எல்லைக்குள் இல்லை. ஆனாலும், களைப்பென்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி மதியத் தூக்கக் கலக்கமே என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த நல்ல சான்று இது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு, தொண்டனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் நம் வேலையிடங்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

இரத்தமா, வாழ்க்கையா

மூன்றாவது நிலையான அசதிக்கு நம் நாட்டில் முதலில் வரும் விடை இரத்தசோகை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பாதிக்கு மேல். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். அதனால் அசதி என்பது கேட்டவுடன் ஏற்கத் தோன்றும் சங்கிலி.

இதற்கு ஆதரவான நல்ல ஆய்வு இலங்கையில் நடந்தது. 1979இல் எட்ஜர்டனும் இலங்கைச் சகாக்களும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சோகையுள்ள தொழிலாளர்களில் சிலருக்கு இரும்பு மருந்தும் சிலருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் இரும்பு பெற்று ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். சோகை கடுமையாக இருந்தவர்களிடம் முன்னேற்றமும் அதிகம். வேலைக்கு வெளியிலும் அவர்களுடைய நடமாட்டம் கூடியது.

எதிர்ச்சான்று கோவாவில் கிடைத்தது. விக்ரம் பட்டேலும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 2,500 பெண்களில் 12.1 விழுக்காட்டினர் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் அசதியைச் சொன்னார்கள். அந்த அசதியோடு சேர்ந்து வந்தவை கடன், அண்மையில் பட்ட பசி, குறைந்த கல்வி, மனச்சோர்வும் பதற்றமும். ஹீமோகுளோபின் அளவோடு தொடர்பே காணப்படவில்லை.

இரண்டு ஆய்வுகளும் மோதுவதாகத் தோன்றும். முஸ்சியோவை நினைத்துக்கொண்டு படித்தால் மோதல் தளர்கிறது. தேயிலைத் தோட்டத்தில் அளந்தது கூடையின் எடை. கோவாவில் அளந்தது பெண்களின் சொல். இரும்பு கூடையை நிரப்பலாம், சொல்லை மாற்றாமலும் போகலாம். இரண்டும் ஒரே ஆளிடம் ஒருசேர அளக்கப்படவில்லை. சோகை இல்லாமலேயே இரும்புச்சத்து இருப்பு மட்டும் குறைந்த பெண்களுக்கு இரும்பு தந்தபோது அசதி ஓரளவு குறைந்ததாகச் சுவிட்சர்லாந்து ஆய்வுகள் சொல்வதால், இந்தப் பிரிப்பையும் கறாராகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. மேலும் கோவா ஆய்வு ஒரு காலப் புள்ளியில் எடுத்த படம்: மனத்துயர் அசதியைத் தந்ததா, தீராத அசதி மனத்தைச் சாய்த்ததா என்பதை அது பிரித்துக் காட்டாது.

தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, காசநோய் ஆகியவையும் அசதியாகவே முதலில் தலைகாட்டக்கூடும். இதில் சர்ச்சை இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. கோவா ஆய்வைக் காட்டி, எல்லாம் மனசுதான் என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது அந்த ஆய்வுக்கே செய்யும் அநீதி.

ஓய்வுக்குக் கட்டுப்படாத அசதி

காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் விடாத தளர்ச்சியை 2006இல் சிக்குன்குனியா பரவியபோது தமிழகம் கண்டது. கோவிட்டுக்குப் பிறகு உலகமே கண்டது. இதன் தீவிர வடிவமான நாள்பட்ட சோர்வு நோய்க்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1988இல் இலக்கணம் வகுத்தது. 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு, சிறு உழைப்புக்குப் பின்னும் நிலைமை மோசமாவதை இதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்றாக வைத்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் பலனுண்டு என்று 2011இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. அதன் முறைகள் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. 2021இல் பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனமான நைஸ் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. களைப்புக்கு நல்லதான நடைப்பயிற்சி இந்த அசதிக்குக் கெடுதலாகலாம் என்பதால், பெயர் பிரிப்பது வெறும் ஏட்டு வேலை ஆகிவிடாது.

சட்டம் அளப்பது

சட்டம் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அது வேலை மணியை மட்டும் எண்ணுகிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்றது. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. விழித்திருந்த மணியை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை. 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வயல் வேலைக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் அந்த ஐந்து மணி நேரம் களைப்பில் சேருமா, தூக்க நேரத்தைத் தின்னுமா என்றால், இரண்டும்தான்.

தீராமல் இருப்பவை

மூன்றையும் பிரிக்கலாம் என்பதற்கான சான்று வலுவானது. தூக்கக் கலக்கத்துக்குத் தனி உடலியலும் தனி அளவுகோலும் உண்டு. களைப்பு ஓய்வால் போகிறதா என்பதை ஓரிரு நாளில் அறியலாம். அசதிக்குத்தான் இன்னும் நம்பகமான அளவுகோல் இல்லை. ஆளின் சொல்லைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை. நாள் முழுக்கக் கடினமான மூளை வேலை செய்தவர்களின் முன்மூளையில் குளூட்டமேட் சேர்வதாக 2022இல் பாரீஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டது, மோசோவின் பழைய நஞ்சுக் கொள்கை புது வடிவில் திரும்பிய மாதிரி இருக்கிறது. அது காரணமா, உடன்விளைவா என்பது முடிவாகவில்லை.

பிரிக்க முடியும் என்பதால் அவை தனித்தனியே வாழ்கின்றன என்றும் ஆகிவிடாது. குரும்பகரத்து நடவுப் பெண்ணிடம் மூன்றும் ஒரே நாளில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றை வளர்க்கவும் கூடும். எந்த அளவுக்கு என்பதை அறிய, ஒரே பெண்களிடம் குறுவை நடவிலிருந்து சம்பா அறுவடை வரை ஹீமோகுளோபினையும் அசைவுமானியின் இரவையும் அவர்கள் சொல்லும் அசதியையும் சேர்த்தே அளக்க வேண்டும். அப்படி அளந்து, இரும்பு மாத்திரைக்குப் பின் ஒருத்தி கூடுதல் குழி நட்டும் அசதி அப்படியே இருப்பதாகச் சொன்னால், சிகிச்சை பலித்தது என்று எழுதுவதா, பலிக்கவில்லை என்று எழுதுவதா என்பதில் மருத்துவரும் கூலி கொடுப்பவரும் அந்தப் பெண்ணும் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.